அரசு வாங்கினால் 12%, கொடுத்தால் 6% – இது நியாயமா?

கேள்வி: ஃப்ரீலான்ஸ் டிசைனராக இருக்கிறேன். ஒரு வருடம் அட்வான்ஸ் டாக்ஸ் (வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்ட வேண்டிய வரி) கட்டாததற்கு மாதம் 1% வட்டி பிடித்தார்கள். 2023-24 நிதியாண்டுக்கு எனக்கு 48,000 ரூபாய் ரீஃபண்ட் வர வேண்டியிருந்தது, எல்லாமே டிடிஎஸ்ஸில், அதாவது பணம் தருபவர்களே வரியாகப் பிடித்துக் கட்டியதில், போன பணம். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி ரிட்டர்ன் போட்டேன், 2025 ஜூன் 28 அன்று பணம் வந்தது. வட்டி வெறும் 1,680 ரூபாய். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் வக்கீல் ஃபீஸ்தான் மிஞ்சும்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இந்த விகிதங்களை எந்த அதிகாரியும் முடிவு செய்வதில்லை, 1961 வருமான வரிச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அட்வான்ஸ் டாக்ஸ் பாக்கிக்கு 234பி பிரிவில் மாதம் 1%, ரீஃபண்டுக்கு 244ஏ பிரிவில் மாதம் 0.5%, இரண்டுமே தனிவட்டி. ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியை) ஏற்றினாலும் இறக்கினாலும் இது அசையாது, நாடாளுமன்றம் திருத்தினால்தான் மாறும். 2003 செப்டம்பரில் கடைசியாகக் குறைத்தார்கள், அதோடு சரி. அமெரிக்காவில் அரசின் குறுகிய காலக் கடன் வட்டியோடு 3% சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை அறிவிக்கிறார்கள், தனிநபர் கட்டினாலும் வாங்கினாலும் ஒரே விகிதம். நம் ஊரில் வரி பாக்கியை வைத்துக்கொண்டு யாரும் லாபம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பக்கம் கூட்டி வைத்திருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் பணத்தை அவர்கள் வைத்திருக்கும்போது பாதி என்பதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கணக்கில் உண்மையில் அடி வாங்கியது வேறு இடத்தில். ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால், டிடிஎஸ் ரீஃபண்டுக்கு 2024 ஏப்ரல் 1-லிருந்தே வட்டி ஓடியிருக்கும்: பணம் இதே தேதியில் வந்திருந்தால் 15 மாதம், 3,600 ரூபாய். கெடு தாண்டிப் போட்டதால் போட்ட தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். டிசம்பர் 2 முதல் ஜூன் 28 வரை ஆறு மாதமும் சில நாட்களும். மாதத்தில் ஒரு பகுதி இருந்தாலும் முழு மாதம் என்பது விதி, அதனால் ஏழு மாதம். 48,000-க்கு 0.5% வீதம் 1,680. சரியாகத்தான் வந்திருக்கிறது. இன்னொன்று, ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10%-க்குக் கீழே இருந்தால் இந்த வட்டியும் கிடையாது, நீங்கள் தப்பித்தீர்கள்.

தாமத வட்டிக்கு மேல் தனியாக நஷ்டஈடு கேட்கலாமா என்றால், 2006-இல் சாண்ட்விக் ஏசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது பல வருடம் இழுத்தடித்த தனி விவகாரம். 2013-இல் குஜராத் ஃப்ளோரோ கெமிக்கல்ஸ் வழக்கில், சட்டத்தில் இருக்கும் வட்டி மட்டும்தான் என்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆக அந்த வழியும் அடைபட்டது.

கணக்குத் தப்பாக இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. 143(1) இன்டிமேஷனில் (ரிட்டர்னைச் சரிபார்த்து வரித் துறை அனுப்பும் கணக்கு) மாதங்களைக் குறைத்து எண்ணியிருந்தால், 154 பிரிவில் வரித் துறை போர்ட்டலிலேயே திருத்தம் கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

அப்புறம், அந்த 1,680 ரூபாய் வரிக்கு உட்பட்ட வருமானம், 2025-26 நிதியாண்டுக் கணக்கில் 'இதர வருமானம்' தலைப்பில் காட்ட வேண்டும். ஏஐஎஸ்ஸில் (உங்கள் வருமானம் பற்றி வரித் துறை வைத்திருக்கும் ஆண்டுப் பட்டியல்) தெரியும், மறைக்க முடியாது. நீங்கள் கட்டிய 1% வட்டியைச் செலவாகக் கழிக்க மட்டும் விடமாட்டார்கள்.