மைனருக்குள் நிசான் எஞ்சின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 948 சீ.சீ. மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. எஞ்சின் தேய்ந்து புகைக்கிறது. டட்சன் (நிசான்) சன்னியின் ஏ12 எஞ்சினும் ஐந்து கியர் பொக்ஸும் விலைக்கு வந்திருக்கின்றன. கராஜ் பாஸ் ஏ15 தேடச் சொல்கிறார். எது நல்லது? வேறு என்னென்ன மாற்ற வேண்டும்?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: ஏ12 போதும். உங்கள் பழைய எஞ்சின் தந்தது 37 குதிரைவலு. 1171 சீ.சீ. ஏ12 நல்ல நிலையில் இருந்தால் அறுபதைத் தாண்டும். ஏ15 (1488 சீ.சீ.) புளொக் உயரமும் கூட, இழுவையும் கூட. அந்த இழுவையை மைனரின் பின்னச்சுக்குக் கொடுத்தால் ஹாஃப் ஷாஃப்ட் (சில்லைச் சுழற்றும் அச்சுத் தண்டு) முறியும். பிறகு டிஃபரன்சியலோடு (பின்னச்சின் நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுதி) முழு அச்சையும் மாற்றும் வேலையில்தான் போய் நிற்பீர்கள்.

வாங்குமுன் கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, திரொட்டிலை முழுதாகத் திறந்து சுழற்ற வேண்டும். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே பத்து, பதினைந்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒன்று குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கஸ்கட். ஹெட் அலுமினியம் என்பதால் ஒருமுறை கொதித்த எஞ்சினில் வளைவு இருக்கும். நேர்விளிம்பு வைத்துப் பார்க்கையில் 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் லேத்துக்குக் கொடுத்துச் சீவ வேண்டும்.

எஞ்சினை இறக்கும் முன்னரே பிறேக்கை முடித்துவிடுங்கள். பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள், அதற்குள் காசு தீர்ந்துவிடும். 948 மைனரின் முன் டிரம் 7 அங்குலம். குறைந்தது 1098 மைனரின் 8 அங்குல டிரம்மாவது போடுங்கள். டிஸ்க் கிடைத்தால் அதுதான் சரி. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே இருப்பதால் மார்கழி வெள்ளத்தில் ஓடிய காரில் அதன் உட்புறம் அரித்துப் போயிருக்கும். ஒற்றைச் சுற்று பிறேக் என்பதால் ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கு சில்லும் போய்விடும். இரட்டைச் சுற்று சிலிண்டருக்கு மாறினால் நிம்மதி.

எஞ்சினைப் பொருத்தும்போது கியர் பொக்ஸின் குறுக்குச் சட்டத்தை வெட்டி மாற்ற வேண்டி வரும். மவுண்ட்களை முதலில் புள்ளி வெல்டிங்கில் மட்டும் பிடியுங்கள். சம்ப் (எஞ்சினடி ஒயில் தட்டு), ஸ்டியரிங் ரேக், எக்ஸோஸ்ட் மூன்றும் எங்கும் முட்டவில்லை என்று பார்த்த பிறகு முழு வெல்டிங். ப்ரொப் ஷாஃப்ட்டின் (கியர் பொக்ஸிலிருந்து பின்னச்சுக்குப் போகும் தண்டு) நீளத்தைக் கார் நான்கு சில்லிலும் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். ஜாக்கில் தூக்கி அளந்தால் பின்னச்சு தொங்கி நீளம் பிழைக்கும். ஸ்லிப் யோக்கை (கியர் பொக்ஸுக்குள் வழுக்கி நுழையும் தண்டு முனை) முழுதாக உள்ளே தள்ளி, 25 மி.மீ. வெளியே இழுத்த நிலைதான் உங்கள் அளவு.

மைனர் பொசிட்டிவ் எர்த் (பற்றரியின் நேர்முனை பொடியில்), நிசானின் அல்டர்னேற்றர் நெகட்டிவ் எர்த் (எதிர்முனை பொடியில்). பற்றரியைப் பழையபடி மாட்டினால் டையோட் அந்தக் கணமே எரியும். டைனமோவையும் அதன் கன்ட்ரோல் பொக்ஸையும் முழுதாகக் கழற்றிவிட்டு, அல்டர்னேற்றரிலிருந்து பற்றரிக்கு 6 சதுர மி.மீ. வயர் இழுங்கள். பழைய வயர் அந்தக் கரண்டைத் தாங்காது.

டிஃபரன்சியலின் பல் விகிதத்தை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். 948 இல் இருப்பது 4.55. 155/80 ஆர்14 ரயரில் 80 கி.மீ. வேகத்துக்கு நாலாம் கியரில் சுமார் 3200 சுற்று வரும். ஐந்தாம் கியர் 0.85 என்றால் அது 2700 அளவுக்கு இறங்கிவிடும். மட்டக்களப்பு, பொத்துவில் பாதைக்கு இது தாராளம். செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறும்போது 4.55 உதவியும் செய்யும்.

வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் எஞ்சின் சூடேறுகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் கராஜ்களின் பழக்கம். அப்படிச் செய்தால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரமாகும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிவிடும், ரிங் தேயும். 82 பாகை தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு றேடியேற்றருக்கு மூன்று வரிசைக் கோர் போடுங்கள். வாவியோரக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும், அலுமினிய ஹெட் அரிக்கும். கூலண்டும் வடித்த நீரும் சரிபாதி.

மைனரின் பழைய கியர் பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான் ஊற்றினீர்கள். நிசான் பொக்ஸுக்கு ஜீ.எல்-4 தரத்து 80டபிள்யூ-90. ஜீ.எல்-5 இலுள்ள கந்தகச் சேர்க்கை கியர் மாற உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களைத் தின்னும். அது டிஃபரன்சியலுக்கு மட்டும். ஏ12 இன் வால்வு இடைவெளி, சூட்டில் 0.35 மி.மீ.

எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். எஞ்சினின் பற்றுச்சீட்டையும் இறக்குமதிப் பத்திரத்தையும் வாங்கும்போதே கேட்டு எடுங்கள்.

கேள்வி: கே.ஈ.70 கொரோலாவின் 4கே எஞ்சினை எடுத்துவிட்டு லைட் ஏஸ் வானின் 5கே போடலாமா?
- வாசகர், கல்முனை

பதில்: தாராளமாக. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) இரண்டிலும் 73 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்) மட்டும் 75 இலிருந்து 80.5 ஆகி, 1290 சீ.சீ. 1486 ஆகிறது. உங்கள் கியர் பொக்ஸிலேயே பூட்டலாம். வானின் சம்ப்பை எடுத்துவிட்டு 4கே சம்ப்பைப் போடும்போது, ஒயில் உறிஞ்சும் குழாயையும் டிப் ஸ்டிக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். குழாய் கட்டையாக நின்றால் வளைவில் காற்றை இழுக்கும், பெயரிங் போகும். 4கே காபரேற்றரை அப்படியே மாட்டினால் பெற்றோல் குறைவு. பிளக் வெளுத்து, ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து கியர் பொக்ஸ் மாற்றிய பிறகு 60–70 இல் கார் அதிர்கிறது. சில்லு பலன்ஸ் செய்தாயிற்று.
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வெறிச்சோடிய நேராட்டத்தில் 65 இல் போகும்போது நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றால் எஞ்சின் மவுண்ட் அல்லது கிளச். நிற்காவிட்டால் ப்ரொப் ஷாஃப்ட். குழாயை வெட்டி ஒட்டியபோது இரு முனை யோக்குகளும் ஒரே நேரில் வந்தனவா என்று பாருங்கள். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் அதிரும். அது சரியென்றால் கியர் பொக்ஸ் வாலின் சரிவையும் டிஃபரன்சியல் பினியனின் சரிவையும் கைத்தொலைபேசி மட்டமானியால் அளந்து, இரண்டும் ஒரு பாகைக்குள் ஒத்திருக்கும்படி கியர் பொக்ஸ் மவுண்டுக்குக் கீழே தகடு வையுங்கள். இதற்குப் பிறகும் அதிர்ந்தால் மட்டும் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பலன்ஸ் மெசின் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகலாம்.