‘பைரானிய நாயகன்’ என்றால் யார்? சும்மா கோபக்கார நாயகனா?

கோபம் மட்டும் போதாது. ஆங்கிலக் கவிஞர் பைரன் (1788–1824) படைத்த இந்த நாயகன் கர்வி, தனியன், பழைய பாவத்தை நெஞ்சில் சுமப்பவன்; ஆனாலும் தனக்கென்று ஒரு நெறி வைத்திருப்பான்.

1814-இல் வந்த ‘தி கோர்சேர்’ என்ற கதைக்கவிதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலேயே 10,000 பிரதிகள் விற்றது. கடற்கொள்ளைத் தலைவன் கான்ராட் சிறையில் கிடக்கிறான். அவனுக்குக் கழுவேற்றம் என்று தீர்ப்பாகிவிட்டது. அவனைச் சிறைபிடித்த பாஷாவின் (துருக்கிய ஆளுநரின்) அந்தப்புர அடிமை குல்நார் கத்தியை நீட்டி, தூங்கும் பாஷாவைக் கொன்றுவிடு என்கிறாள். தூங்குகிறவனைக் குத்த மாட்டேன் என்கிறான். அவளே முடித்துவிட்டு வருகிறாள். அவள் நெற்றியில் சின்ன ரத்தக்கறை. எத்தனையோ சண்டைகளில் ரத்தம் பார்த்தவன் அதைக் கண்டு நடுங்கிப்போகிறான். என்னைக் கேட்டால், பைரானிய நாயகனைப் புரிந்துகொள்ள இந்த ஒரு காட்சியே போதும்.

1847-இல் ஆங்கில நாவலாசிரியைகளான பிராண்டி சகோதரிகள் படைத்த ஹீத்கிளிஃப் (‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல்), ராச்செஸ்டர் (‘ஜேன் அயர்’ நாவல்) இருவரும் இவனுடைய வாரிசுகள்தான்.