நாலணா பாட்டு புக்கு: பழைய சினிமா பொருள் சேர்க்கறவங்களுக்கு வாசகர் கேள்வி பதில்

காலேஜ் படிக்கிறேன். பழைய தமிழ் சினிமா சம்பந்தப்பட்ட பொருள் ஏதாவது சேர்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா போஸ்டருக்கெல்லாம் ஆயிரக்கணக்குல சொல்றாங்க. மாசம் ஐந்நூறு ரூபாய்தான் என்னால முடியும். எதுல ஆரம்பிக்கலாம்? (வாசகி, திண்டுக்கல்)

பாட்டு புக்குல ஆரம்பிங்கம்மா, யோசிக்கவே வேண்டாம். தியேட்டர்ல முறுக்கு, சோடாவோட சேர்த்து வித்த சின்ன புத்தகம் அது. மட்டமான பேப்பர், நடுவுல ஒரு பின்னு, அட்டையில ஹீரோ ஹீரோயின் படம், உள்ள யார் நடிச்சது யார் பாட்டு எழுதினதுன்னு ஒரு பட்டியல், அப்புறம் கதைச்சுருக்கம், அது நல்ல கட்டத்துல நின்னு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'ன்னு முடிஞ்சிடும், அதுக்கப்புறம் பாட்டு வரிகள். படம் ஊரை விட்டுப் போனா புக்கும் குப்பைக்குப் போகும்னு நினைச்சு அடிச்சதுதான் எல்லாமே. அதனாலதான் இன்னிக்கும் கை எட்டற விலையில கிடைக்குது, அதனாலயேதான் பத்திரப்படுத்தவும் வேண்டியிருக்கு, ஏன்னா நம்ம பழைய படங்கள் நிறைய இப்போ பிரதியே இல்லாம போச்சு, 1931ல வந்த முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' கூட அப்படித்தான். அந்த மாதிரி ஒரு படத்துல என்ன கதை, என்ன பாட்டுன்னு தெரிஞ்சுக்க பல நேரம் மிச்சம் இருக்கறது இந்த நாலு தாள்தான்.

எம்.ஜி.ஆர்., சிவாஜி பட புக்குக்குப் போட்டி ஜாஸ்தி, விலையும் ஏறிடுச்சு. நீங்க ஒரு ஆளைப் பிடிச்சுக்கோங்க. ஜி.ராமநாதன் இசையமைச்ச படங்கள் மட்டும், இல்லேன்னா பாபநாசம் சிவன் பாட்டு எழுதின படங்கள் மட்டும், இப்படி. ஹீரோ யாருன்னே தெரியாத புக்கெல்லாம் உங்க கைக்கு வரும், கடைக்காரருக்கும் அதுல பெரிய விலை சொல்லத் தோணாது.

எங்க தேடறதுன்னா, சென்னைல மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சதோட ஒரு பெரிய சுரங்கமே போச்சு, இப்போ திருவல்லிக்கேணி பாரதி சாலையில ஞாயித்துக்கிழமை பிளாட்பாரக் கடைகளைப் பாருங்க, காரைக்குடி போனா பழம்பொருள் கடைகள்ல கேளுங்க. ஆனா உங்க ஊர்லயே இருக்கற பழைய பேப்பர் கடைதான் முதல்ல. கடைக்காரர்கிட்ட 'அண்ணே, பழைய பாட்டு புக்கு, சினிமா நோட்டீஸ் வந்தா எடுத்து வைங்க'ன்னு ஒரு தடவை சொல்லிட்டு மாசம் ஒரு நடை போங்க. எனக்கு ஒரு கடையில பாட நோட்டுக் கட்டோட நடுவுல ஒண்ணு கிடைச்சது. பின்னு துருப்பிடிச்சு ரெண்டு பக்கமும் காப்பிக் கலர்ல கறை, கடைசிப் பக்கத்துல பென்சில்ல 'ரெண்டாம் ஆட்டம், அத்தையோடு, மழை'ன்னு எழுதியிருந்தது. எழுதினது யாருன்னு எனக்குத் தெரியாது. என்கிட்ட இருக்கறதுலயே நான் அதிகமா எடுத்துப் பாக்கறது அதைத்தான். அதனால பேர் எழுதின புக்கு, கிறுக்கின புக்குன்னு ஒதுக்காதீங்க.

1955ல வந்த பாட்டு புக்குன்னு சொல்லி ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன். பாக்க பழசாத்தான் இருக்கு, ஆனா சந்தேகமா இருக்கு. ஒரிஜினலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? (வாசகர், கோவை)

முதல்ல விலையைப் பாருங்க சார். நம்ம நாட்டுல 1957 ஏப்ரல் 1ந்தேதிதான் தசம நாணயம், அதாவது ரூபாய்க்கு நூறு பைசாங்கற கணக்கு வந்தது, அதுக்கு முன்னாடி ரூபாய்க்குப் பதினாறு அணா. அதனால 1955 புக்குன்னா அணாவுலதான் விலை இருக்கணும். 'ந.பை.'ன்னு போட்டிருந்தா அது நயா பைசா, 1957க்கும் 1964க்கும் நடுவுல அடிச்சது, 1964 ஜூன்லதான் 'நயா'வை எடுத்துட்டு வெறும் பைசான்னு ஆக்கினாங்க. இப்படி இருந்தா உடனே போலின்னு முடிவு கட்டிடாதீங்க, ஓடின படத்தைத் திரும்பத் திரும்ப ரிலீஸ் பண்ணுவாங்க, அப்போ புதுசா புக்கும் அடிப்பாங்க. அது நிஜமான பழைய புக்குதான், ஆனா முதல் பதிப்புக்குக் கேக்கற விலையைக் கேட்டா கொடுக்காதீங்க.

அடுத்து அச்சகத்தோட முகவரி. 'சென்னை-2'ன்னு இருந்தா சரி, '600 002'ன்னு இருந்தா அது பின்கோடு, பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15ல.

இதுக்கெல்லாம் மேல நான் நம்பறது எழுத்தைத்தான். 'லை, னை, ணை, ளை' இதையெல்லாம் தேடுங்க. அந்தக் காலத்துல எழுத்துக்கு மேல யானை துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும், இப்போ நாம எழுதற மாதிரி முன்னாடி தனியா ஐகாரக் கொம்பு வராது. 'ணா, றா, னா'வும் அப்படித்தான், துணைக்கால் தனியா நிக்காம எழுத்தோட சேர்ந்து சுழிச்சு வரும். 1978 அக்டோபர்ல அரசாணை போட்டுத்தான் இதெல்லாம் சேர்த்து மொத்தம் பதிமூணு எழுத்து மாறிச்சு. பெரியாரோட பத்திரிகைகள்ல 1935லேயே புது எழுத்து வந்துடுச்சுங்கறது உண்மை, ஆனா சாதாரண சினிமா அச்சகத்துல அடிச்ச 1955 புக்குல இன்னிக்கு இருக்கற 'லை' இருந்தா எனக்கு நம்பிக்கை வராது.

கடைசியா விரல். பக்கத்தைத் திருப்பி, பின்பக்கத்தை ஆள்காட்டி விரலால மெதுவா தடவுங்க. அச்சுக் கோர்த்து அடிச்ச தாள்ல எழுத்து அழுந்தின இடமெல்லாம் மேடு மேடா லேசா தட்டுப்படும். ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போட்டது வழவழன்னு இருக்கும். நகைக்கடைக்காரர் கண்ணுல வச்சுப் பாக்கற லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, அதுல பாத்தா ஒரிஜினல்ல எழுத்தோட ஓரத்துல மை ஒதுங்கி கறுப்பா ஒரு கரை கட்டியிருக்கும், நகல்ல எழுத்தே புள்ளி புள்ளியா கலங்கித் தெரியும். தாள் பழுப்பையும் கவனிங்க. வருஷக்கணக்குல பழுத்த தாள் ஓரத்துல இருந்து உள்ள வரும், நடுப்பக்கம் வெளுப்பா இருக்கும். டீத்தண்ணியில நனைச்சு பழசாக்கினது எல்லா இடத்துலயும் ஒரே நிறம்.

பழைய போஸ்டர் ஒண்ணு கிடைச்சது, மடிப்புல கிழிஞ்சிருக்கு. லேமினேட் பண்ணிடலாமா? (வாசகி, ஈரோடு)

வேண்டவே வேண்டாம். லேமினேட் பண்ணினா திரும்பப் பிரிக்க முடியாது, அதோட சரி. செல்லோடேப்பும் ஒட்டாதீங்க, அந்தப் பசை மஞ்சளாகி தாளுக்குள்ள இறங்கிடும். சுருட்டி வைங்க, வெயில் படாத இடமா பாருங்க. ராமபாணப் பூச்சி வராம இருக்க காய்ஞ்ச வேப்பிலையைத் துணியில முடிஞ்சு பக்கத்துல வைக்கலாம், தாள் மேல நேரா படக்கூடாது.

தாத்தா வீட்டுப் பரண்ல ஒரு கட்டு 78 இசைத்தட்டும், தகர டப்பாவுல பிலிம் துண்டும் இருந்தது. தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? டப்பாவைத் திறந்தா புளிச்ச நெடி. (வாசகர், தஞ்சாவூர்)

ஸ்பிரிட் பாட்டிலை மூடி வச்சிடுங்க சார்! 78 தட்டு, அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற பழைய தட்டு, பெரும்பாலும் அரக்குல செஞ்சது, ஸ்பிரிட் பட்டா அரக்கு கரையும், பாட்டும் கூடவே போயிடும். துளி சோப்பு கலந்த தண்ணியில மெத்துனு இருக்கற துணியை நனைச்சுப் பிழிஞ்சு, கோடு போற திசையிலேயே துடைச்சு, நிழல்ல காய வைங்க, நடுவுல இருக்கற லேபிள் நனையாம பாத்துக்கோங்க. அடுக்கும்போது நிமித்தி வைங்க, ஒண்ணு மேல ஒண்ணா படுக்க வச்சா விரிசல் விடும். எல்.பி., அதாவது பின்னாடி வந்த வினைல் தட்டு ஓடற ஊசியில இதைப் போடக்கூடாது, 78 தட்டோட கோடு அகலம், அதுக்குன்னு தனி ஊசி இருக்கு.

பிலிம்ல வர்ற புளிச்ச நெடி வினிகர் நெடிதான், அசிடேட் பிலிம் கெட்டுப்போக ஆரம்பிச்சா அப்படித்தான் வரும், பக்கத்துல இருக்கற நல்ல துண்டையும் அது கெடுக்கும், அதனால தனித்தனியா காத்தோட்டமா பிரிச்சு வைங்க. படம் எல்லாம் ரோஸ் நிறமா இருந்தா பயப்படாதீங்க, அந்தக் காலத்து கலர் பிலிம்ல நீலம் முதல்ல வெளுத்துடும், அவ்வளவுதான். ஆனா 1950களோட ஆரம்பத்துக்கு முந்தின பிலிம்னா நைட்ரேட்ங்கற வேற வகை பிலிமா இருக்கலாம். அது சட்டுன்னு தீப்பிடிக்கும், பிடிச்சா தண்ணி ஊத்தினாலும் அணையாது. சின்ன வயசுல நாம பண்ணின மாதிரி பல்பு முன்னாடி வச்சு சுவத்துல படம் காட்டறது, கொளுத்திப் பாக்கறது எல்லாம் கூடவே கூடாது. வீட்டுல வைக்காம, புனேல இருக்கற தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்க.

அப்பா நாப்பது வருஷமா சேர்த்த பாட்டு புக்கு, சினிமா பத்திரிகை எல்லாம் மூட்டையா இருக்கு. அவர் இப்போ இல்ல. வீடு மாறப் போறோம், எடைக்குப் போட மனசு வரல. (வாசகி, சேலம்)

போடாதீங்கம்மா, தயவு செஞ்சு போடாதீங்க. காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர், போர்டு எழுதற ஓவியர், வாழ்நாள் பூரா புத்தகமும் நோட்டீஸும் பத்திரிகையுமா சேர்த்தார். 1992ல அவர் காலமானதுக்கப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே வச்சுப் பாதுகாக்க ஏற்பாடு பண்ணிச்சு, 1994ல அது நூலகமாச்சு. இப்போ தரமணில இருக்கற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுதான். அங்க பேசிப் பாருங்க. பேசறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல படம் பேர், வருஷம், அச்சகம் மூணையும் எழுதிக்கோங்க, அவங்ககிட்ட இல்லாதது எதுன்னு உடனே தெரிஞ்சிடும். எழுதும்போது அப்பா கையெழுத்து இருக்கற புக்கு ரெண்டு மூணு கண்ணுல படும், அதை மட்டும் எடுத்து உங்க பீரோவுல வச்சுக்கோங்க.