கன்னியர் பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கன்னியர்கள் நடத்தும் கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், விடுதியில் தங்கிப் படிக்க வைக்க ஆசைப்படுகிறேன். நாங்கள் இந்துக்கள். அங்கே ஜெபம் செய்யச் சொல்வார்கள் என்று என் மாமியார் தயங்குகிறார். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பள்ளிகொண்டா

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மாமியாரின் தயக்கத்தைத் தட்டிக்கழிக்க வேண்டாம், அதற்கு நேரான விடை சட்டத்திலேயே இருக்கிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் எந்தச் சிறுமியையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) ஆவது பிரிவு கூறுகிறது. பொதுவாக இத்தகைய பள்ளிகளில் கத்தோலிக்க மாணவியர் மறைக்கல்வி என்னும் சமயப் பாடத்துக்குச் செல்லும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பிரார்த்தனை இருக்கும். உங்கள் மகள் அமைதியாக நின்றால் போதும்.

வட ஆர்க்காட்டுப் பகுதியில் பெண் கல்விக்குக் கன்னியர் சபைகள் ஆற்றிய பணியை நான் மிகவும் மதிக்கிறேன். காட்பாடியில் 1954இல் ஆக்சிலியம் மகளிர் கல்லூரியைத் தொடங்கிய சலேசிய சகோதரிகளின் சபை, 1872இல் இத்தாலியின் மொர்னேசே என்னும் சிற்றூரில் பிறந்தது. அதைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மரிய மசரெல்லோ, ஊர்ச் சிறுமியருக்குத் தையல் கற்றுக்கொடுத்தே தம் பணியைத் தொடங்கினார். தவறு நடந்த பிறகு தண்டிப்பதைவிட, விளையாட்டிலும் படிப்பிலும் பிள்ளைகளோடு உடனிருந்து தவறு நேராமல் காப்பதே அவர்களின் கல்வி நெறி. இரட்டைச் சடையும் ரிப்பனுமாக வரிசையில் நிற்கும் கண்டிப்பைத்தான் வெளியிலிருந்து பார்க்கிறோம். மாலைப் படிப்பு நேரத்தில் மேசை மேசையாக நின்று, கணக்கு வராத பிள்ளையின் நோட்டைக் கையில் எடுத்து, எந்த வரியில் பிசகியது என்று காட்டும் சகோதரியை உள்ளே போனால்தான் பார்க்க முடியும். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய துணை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று, அதை உங்கள் கடிதம் தொடவில்லை. மருத்துவப் படிப்பில் 2020 முதல் நடைமுறையில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கே உரியது. ஆறாம் வகுப்பு முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் அது கிடைக்காது. உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு அரசு தரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கும் 2024 டிசம்பர் இறுதியில் நீட்டிக்கப்பட்டது. ஆகவே இடம் கிடைப்பது தமிழ் வழிப் பிரிவிலா, கட்டணம் வாங்கும் சுயநிதிப் பிரிவிலா என்பதைப் பள்ளி அலுவலகத்தில் தெளிவாகக் கேளுங்கள். உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதால், அதன் பிறகு எங்கே சேர்ப்பது என்பதையும் இப்போதே விசாரியுங்கள்.

மருத்துவக் கனவு உறுதியாக இருந்தால் அருகிலுள்ள அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியே நல்லது. இல்லையென்றால் கன்னியர் பள்ளியில் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். விசாரிக்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். ஜெபத்தைப் பற்றி விடுதிப் பொறுப்பாளரிடம் அவரே நேரில் கேட்கட்டும்.