‘தீங்கு செய்யாதே’ பயிற்சியை இணையவழியில் நடத்துவது: கேள்வி பதில்

மோதல் நடந்த இடங்களில் நிவாரண வேலை செய்வோருக்கு, நம் உதவியே ஊரில் உள்ள பிளவைக் கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தரும் இந்தப் பயிற்சியை இனி நீங்களே மற்றவர்களுக்கு இணையவழியில் நடத்தப்போகிறீர்கள். கேள்விகள் நிறைய வந்துவிட்டன; கேட்டவரின் ஊரை முன்னால் போட்டிருக்கிறேன். என்னால் சொல்லக்கூடியவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வவுனியா: அக்கா, மூன்று நாள் வகுப்பை அப்படியே ஸூமில் மூன்று நாள் நடத்தலாமா?

வேண்டாம். ஒன்றரை மணி நேரம் தாண்டினால் திரையில் பெயர் மட்டும்தான் இருக்கும், ஆள் சமையலறையில் நிற்பார். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிரித்து, இடையில் களவேலை கொடுங்கள்.

முக்கியமாகப் பாருங்கள்: ஊரைப் பிளக்கிறவற்றுக்கு ‘பிரிப்பவை’, சேர்த்து வைக்கிறவற்றுக்கு ‘இணைப்பவை’ என்று பலகையில் இரண்டு பத்தி போட்டால், எல்லோரும் முதலில் ‘இனம், மதம், அரசியல்’ என்று எழுதிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். எதிர்ப்பக்கத்தில் ‘ஒற்றுமை’. இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “தண்ணீர் பவுசர் எந்தச் சந்தியில் நிற்கிறது? தாங்கியின் திறப்பு யாரிடம் இருக்கிறது?” என்று கேளுங்கள். அப்போதுதான் பவுசர் ஒரு தெருவைத் தாண்டி வருவதில்லை என்பது வெளியே வரும். இணைப்பவையும் அப்படித்தான். இரண்டு பக்கத்தாரும் போகிற ஒரே சந்தை, ஒரே கிளினிக், ஒரே விளையாட்டு மைதானம். நம் திட்டம் அதில் எதையாவது கெடுக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. பயிற்றுநர்களுக்கு இப்படிக் கேட்கப் பழக்குங்கள். ஸ்லைடு வாசிக்க யாராலும் முடியும்.

முல்லைத்தீவு: வராதவர்களுக்காக வகுப்பைப் பதிவு செய்து வைக்கலாமா?

கூடாது. பயனாளிப் பட்டியலில் யார் பெயர் சேர்த்தார், யார் கமிஷன் கேட்டார் என்று ஆட்கள் பேசுகிற இடம் அது. மாலைக்குள் வாட்ஸ்அப்பில் சுற்றும். பலகையை மட்டும், பெயர்களை அழித்துவிட்டுச் சேமியுங்கள்.

மட்டக்களப்பு: சிங்களம், தமிழ் பேசுவோர் கலந்து வந்தால் சிறு குழுக்களை எப்படிப் பிரிப்பது?

முதல் பயிற்சி தாய்மொழிக் குழுவில், அடுத்தது கலந்து. மொழிபெயர்ப்பாளருக்கு முந்தின நாளே பயிற்சித் தாளைக் கொடுங்கள். டேட்டா ரீலோட் கொடுப்பதானால் எல்லோருக்கும் கொடுங்கள். தலைமை அலுவலகத்தார் வைஃபையில் முகம் காட்டிப் பேச, களத்தில் நிற்பவர் சிக்னலுக்கு மரத்தடி தேடினால், வகுப்பிலேயே ஒரு பிரிப்பவையை உண்டாக்கிவிட்டீர்கள்.

கொழும்பு: சான்றிதழ் உண்டா?

உங்களை அனுப்பும் நிறுவனத்தைக் கேளுங்கள்.

திருகோணமலை: தேவை உள்ளவனுக்குக் கொடு, ஆள் பார்க்காதே. நிவாரண அமைப்புகளுக்கான 1994 செஞ்சிலுவை நடத்தைக் கோவையே அதைத்தான் சொல்கிறது. இதற்கு எதற்குத் தனிப் பயிற்சி?

கோவை சொல்வது சரி. ஆனால் அதே 1994இல், இன்று காங்கோ எனப்படும் நாட்டின் கோமா நகரத்து அகதி முகாம்களைப் பாருங்கள். ருவாண்டாவிலிருந்து வந்த அகதிகளுக்குத் தேவை இருந்தது, உணவும் போனது. முகாமை ஆண்டவர்கள் இனப்படுகொலை செய்தவர்கள். உணவு அவர்கள் கைவழியே போய் அவர்களையே பலப்படுத்தியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அந்த ஆண்டே வெளியேறியது. தேவையை அளந்தால் மட்டும் போதாது. யார் கைவழியே போகிறது, யாருக்கு அதிகாரம் கூடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

திருகோணமலை மறுபடியும்: அது ஆப்பிரிக்கா. இங்கே சுனாமிக்கு எல்லோருக்கும்தானே கொடுத்தார்கள்?

எல்லோருக்குமா? போரால் இடம்பெயர்ந்து பல வருடம் முகாமில் இருந்த குடும்பங்கள் இருந்தன. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பணமும் நிறுவனங்களும் சுனாமிக்கென்றே வந்தன. ‘சுனாமியால் பாதிக்கப்பட்டவர்’ என்ற அளவுகோலில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனாலும் பழைய முகாம்காரர் வெளியே நின்றார்.

சாய்ந்தமருது: அக்கா, நான் இடையில் வருகிறேன். கரையில் வீடு கட்டக்கூடாது என்று தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வைத்தார்கள். கல்முனைப் பக்கம் கரையை ஒட்டி நெருக்கியடித்து இருந்த எங்களுக்கு உள்ளே போகக் காணி ஏது?

திருகோணமலைத் தம்பிக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. காணி உள்ள ஊரில் அந்த விதி இடமாற்றம். காணி இல்லாத ஊரில் ஊரே கலையும்.

திருகோணமலை: அப்படியென்றால் அளவுகோலே வேண்டாம் என்கிறீர்களா? அப்புறம் அரசியல்வாதி சொல்கிற ஆளுக்குத்தான் போகும்.

அளவுகோல் வேண்டும். பட்டியல் போடுவதற்கு முன், இந்த அளவுகோலின் கோடு ஊரில் ஏற்கெனவே உள்ள பிளவின் மேல் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், பட்டியலுக்கு வெளியே நிற்கும் பக்கத்து வீட்டாருக்கும் பயன்படுகிற ஏதாவது சேருங்கள்: கிணறு, பாதை, வடிகால். ஏன் இப்படிப் பிரித்தோம் என்பதை ஊர்க்கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தம்பி, உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் இருவரும் போட்ட இந்தச் சண்டையையே வகுப்பில் பயிற்சியாக வையுங்கள். பயிற்றுநர் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

யாழ்ப்பாணம்: ஸ்லைடு அனுப்புவீர்களா?

இல்லை.

மன்னார்: சான்றிதழ் பற்றி…

மேலே பாருங்கள்.

கிளிநொச்சி: ஆட்கள் பேசாவிட்டால்?

சாட்டில் எழுதச் சொல்லுங்கள். அதைக் கவனிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். மேலதிகாரி இருக்கிற வகுப்பில் கீழே உள்ளவர் வாய் திறக்க மாட்டார். இரு தரப்புக்கும் தனித்தனி வகுப்பு வையுங்கள்.

வவுனியா: ஒலியை மட்டும் பதிவு செய்யலாமா அக்கா?

கூடாது. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பார்கள்.