ஜோர்டனா, லெப்ரானா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்களும் இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்த உரிமையில் ஒரு பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறேன்.

என் மகனுக்கு 16 வயது. சாயங்காலம் ஆனால் சீனப் பள்ளித் திடலுக்குக் கூடைப்பந்து ஆடப் போய்விடுவான். அவனுக்கு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் லெப்ரான் ஜேம்ஸ்தான் ‘கோட்’ (GOAT). எல்லாக் காலத்துக்கும் பெரியவர் என்று அர்த்தமாம். முதலில் கேட்டபோது ஆட்டைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்தேன். நான் மைக்கேல் ஜோர்டன் கட்சி. ஜோர்டன் ஆறு முறை இறுதிச்சுற்றுக்குப் போனார், ஆறிலும் ஜெயித்தார். லெப்ரான் பத்து முறை போய் ஆறில் தோற்றவர். இதைச் சொன்னால் பையன் கைப்பேசியை நீட்டி நாற்பதாயிரம் புள்ளி என்கிறான். சாப்பாட்டு நேரத்தில் இது ஆரம்பித்தால் என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விடுகிறார். ஒட்டுக்கடையில் பந்தயமும் கட்டியாயிற்று. தோற்றவர் ஒரு மாதத்துக்குத் தே தாரிக் (நுரை தேநீர்) காசு கொடுக்க வேண்டும். நடுவர் நீங்கள் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

இன்னொன்று. என் அண்ணன், “நம்ம பையனுங்க கால்பந்து ஆடுவானுங்க, இவன் ஏன் சீனர் விளையாட்டுக்குப் போறான்” என்று நச்சரிக்கிறார். அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட் வாசகர்


அன்புள்ள தம்பி,

அண்ணனுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் அந்தச் ‘சீனர் விளையாட்டை’ ஆடியவன்தான். எங்கள் தோட்டத்தில் இருந்த ஒரே திடல் கால்பந்துத் திடல். ஆடி முடித்ததும் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு மொக்தார் டஹாரி பெரியவரா, சோ சின் ஆன் பெரியவரா என்று சண்டை போடுவோம். கோல்கீப்பர் ஆறுமுகத்தைப் பற்றி மட்டும் சண்டை வராது. அந்தக் கைகளின் நீளத்துக்கு ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே பெயர் வைத்திருந்தது. எங்களுக்கு அவர் நம்ம ஆள் வேறு.

கூடைப்பந்து தோட்டத்துக்குள் வராததற்கு இனம் காரணமில்லை, தரைதான் காரணம். அந்தப் பந்து எழும்பச் சிமெண்ட் வேண்டும். செம்மண்ணில் தட்டினால் முழங்காலோடு நின்றுவிடும். எங்கள் தோட்டத்தில் சிமெண்ட் என்றால் பால் நிறுக்கும் இடமும் மாரியம்மன் கோவில் வாசலும்தான். இரண்டு இடத்திலும் பந்து தட்டினால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலத்தில் சீனர்களைப் புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். நெருக்கமான வீடுகள், நடுவில் ஒரு பள்ளி. கால்பந்துத் திடலுக்கு வேண்டிய நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கூடைப்பந்துக்குத் தேவையில்லை. அதனால் பள்ளியோடு ஒரு சிமெண்ட் தரையும் இரண்டு கம்பங்களும் வந்தன. மற்றபடி இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்காரர். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் மாணவர்களை உள்ளுக்குள்ளேயே ஓடவைக்க வழி தேடி, பீச் பழக்கூடை இரண்டை மாட்டினார். அண்ணனிடம் சொல்லுங்கள். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள்.

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம்.

ஜோர்டனின் ஓர் ஆட்டத்தை நான் முழுதாகப் பார்த்தது வீடியோ கேசட்டில். 1998 ஜூன் 14, ஜோர்டனின் சிகாகோவும் யூட்டாவும் மோதிய இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். அங்கே ஞாயிறு இரவு, நமக்குத் திங்கள் காலை. நான் வேலையில் இருந்தேன். என் பள்ளித் தோழன் ஒரு சீனன், பட்டணத்தில் அப்பாவின் சைக்கிள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சில நாள் கழித்து எங்கிருந்தோ கேசட்டைப் பிடித்து வந்தான். கடையின் பின்கட்டில் பழைய டயர்கள்மேல் உட்கார்ந்து பார்த்தோம். முடிவு தெரியும். தெரிந்தும் கை வியர்த்தது. சுமார் நாற்பது விநாடி மிச்சம், யூட்டா 86, சிகாகோ 83. ஜோர்டன் விறுவிறுவென்று உள்ளே புகுந்து ஒரு கூடை போட்டார், 85. அடுத்துப் பந்து யூட்டாவின் கார்ல் மேலோன் கைக்குப் போனது. முதுகுப் பக்கம் யார் வருகிறார் என்று மேலோன் பார்க்கவில்லை. ஜோர்டன் பின்னாலிருந்து வந்து பந்தைத் தட்டிப் பறித்தார். அப்புறம் கொஞ்சமும் அவசரம் இல்லாமல் பந்தைத் தட்டிக்கொண்டே இந்தப் பக்கம் வந்தார். காவலுக்கு நின்றவர் சறுக்கினார், இவர் எம்பி விட்டார். 5.2 விநாடி மிச்சம், 87-86. அன்று அவர் எடுத்தது 45 புள்ளி.

அந்த இடத்தை மட்டும் தோழன் திரும்பத் திரும்பச் சுற்றிப் போட்டதில் நாடாவில் அங்கே வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. எதிராளியை இடது கையால் தள்ளினாரா இல்லையா என்று அன்று எங்களுக்குள் தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. அவன் தள்ளினார் என்பான், நான் இல்லை என்பேன். ஆக, நானும் உங்கள் கட்சியில் இருந்தவன்தான்.

ஆனால் தம்பி, உங்கள் ‘ஆறுக்கு ஆறு’ கணக்கில் ஓட்டை இருக்கிறது. ஜோர்டன் 1984-ல் சேர்ந்தார். முதல் மூன்று பருவங்களில் சிகாகோ பிளேஆஃபில், அதாவது பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்றுகளில், பத்து ஆட்டம் ஆடி ஒன்றில்தான் ஜெயித்தது. பிறகு 1988, 1989, 1990 மூன்று ஆண்டும் டெட்ராய்ட் அணி வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. அதெல்லாம் உங்கள் கணக்கில் இல்லை, ஏனென்றால் அவர் இறுதிச்சுற்றுக்கே வரவில்லை. வாசலில் தோற்றால் குறையில்லை, கடைசிவரை வந்து தோற்றால் குறை. இது பரீட்சைக்குப் போகாதவன் ஃபெயில் ஆகவில்லை என்று பெருமைப்படுகிற மாதிரி. லெப்ரானின் 2016 இறுதிச்சுற்றைப் பாருங்கள். எதிரே அந்தப் பருவத்தில் 73 ஆட்டம் ஜெயித்த கோல்டன் ஸ்டேட். ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று பின்தங்கிய தன் அணி கிளீவ்லாண்டை அவர் ஜெயிக்க வைத்தார். புள்ளி, ரீபவுண்ட் (கூடை தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடைக்கு வழிசெய்யும் பாஸ்), பறிப்பு, பிளாக் (எறிந்த பந்தைத் தடுப்பது) ஐந்திலும் இரண்டு அணிக்கும் சேர்த்து அவரே முதல். இப்படிப்பட்டவரை ‘ஆறில் தோற்றவர்’ என்று ஒரே வரியில் தள்ளுவது கொஞ்சம் அநியாயம்.

பையன் இதைப் படித்துச் சிரிக்கிறானா? அவனுக்கும் இருக்கிறது. 2003-ல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து இருபது பருவத்துக்கு மேல் உடம்பைக் காப்பாற்றி ஆடுவது லேசான காரியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொத்தப் புள்ளிதான் அளவு என்றால், லெப்ரான் சாதனையை முறியடித்த 2023 பிப்ரவரி 7-க்கு முந்தின நாள்வரை ‘கோட்’ யார்? 38,387 புள்ளியோடு கரீம் அப்துல் ஜப்பார். பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதே அவருக்கு ஆறு, இன்றைக்கும் அதைத் தாண்டியவர் இல்லை. அன்று அரங்கத்துக்கே வந்து பந்தை லெப்ரான் கையில் கொடுத்தார் அந்தப் பெரியவர். முந்தின நாளே உங்கள் மகன் கரீமை ‘கோட்’ என்று சொல்லியிருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன்.

ஒரே ஆட்டத்தின் புள்ளி என்றால் வில்ட் சேம்பர்லைன். 1962 மார்ச் 2, தனி ஆளாக 100 புள்ளி. அது நடந்த இடம் எனக்குப் பிடிக்கும். பென்சில்வேனியாவில் ஹெர்ஷி, ஒரு சாக்லேட் கம்பெனி தன் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஊர். நம்மூர் மாதிரி அங்கேயும் எல்லாவற்றையும் கம்பெனிதான் போட்டது. பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். டிவிக்காரர் யாரும் வரவில்லை. வானொலியில் கடைசிக் கால்பகுதியின் ஒலிப்பதிவு மட்டும் மிச்சம்.

பிரச்சினை இதுதான். ஆளை முதலில் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தோதான அளவுகோலைப் பிறகு தேடுகிறோம். நம் பாட்மிண்டன் வீரர் லீ சோங் வெய்யை நினைத்துப் பாருங்கள். மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளி, உலகப் பட்டம் ஒன்றுகூட இல்லை. உங்கள் கணக்குப்படி அவர் யாரோ ஒருவர். 2016-ல் ரியோ அரையிறுதியில் சீனாவின் லின் டானை மூன்றாவது செட்டில் 22-20 என்று அவர் முடித்த ராத்திரி, இதே சுங்கை சிப்புட் கடைகளில் இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு முழுசாகப் போயிருக்க முடியுமா?

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தினமும் காண்டா வாளியைச் சுமந்து வந்து நிறுவைக்கு நிற்பார். தோட்டத்துக் கணக்கர் கிராணி, பெயருக்கு நேரே எடையை எழுதுவார். அம்மாவின் எடை எப்போதும் நடுவில்தான் இருக்கும். முதலிடத்தில் இன்னொருவர் இருப்பார், அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். உளியை ஆழமாகப் போட்டால் அன்றைக்குப் பால் கூடும், மரத்தில் காயம் விழும். அந்தக் காயம் கிராணியின் புத்தகத்தில் வராது. பல வருஷம் கழித்து, அதே இடத்தில் வளர்ந்த புதுப்பட்டையை வெட்டப் போகும்போதுதான் தெரியும். முண்டும் முடிச்சுமாக உளி ஓடாது. அம்மாவின் மரங்களில் பட்டை வழவழவென்று இருக்கும். ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று காலைப் பெரட்டில் (வேலை பிரிக்கும் கூட்டத்தில்), அவருடைய நிரையை (மர வரிசையை) யார் வெட்டுவது என்று பெண்களுக்குள் போட்டியே நடந்தது. கங்காணிக்கு ஆச்சரியம், புத்தகத்தில் நடுவில் இருக்கிற ஆளின் நிரைக்கு ஏன் இத்தனை பேர் என்று.

பில் ரசலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வரும். பாஸ்டன் அணிக்கு 13 பருவம் ஆடினார், 11 பட்டம். கடைசி இரண்டு பட்டத்தில் பயிற்சியாளரும் அவரே. உங்கள் பட்டக் கணக்கை நேர்மையாகப் போட்டால் அவரிடம்தான் போய் நிற்கும். அப்போது பெரும்பாலும் எட்டு ஒன்பது அணிகள்தானே என்பீர்கள். உண்மைதான். எட்டு ஒன்பது அணி என்றால் சேம்பர்லைன் மாதிரி ஆளை மறுபடி மறுபடி நேருக்கு நேர் சந்தித்தாக வேண்டும். நூறு தடவைக்கு மேல் சந்தித்தார்கள்.

ரசல் செய்த பெரிய வேலை தடுப்பது. அவர் எத்தனை தடுத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளாக்குகளை என்பிஏ எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். அவர் அதற்கு முன்பே, 1969-ல், ஓய்வு பெற்றுவிட்டார். பலர் பந்தைக் கூட்டத்துக்குள் ஓங்கி அடித்துக் கைதட்டு வாங்குவார்கள், பந்து திரும்ப எதிராளிக்கே போகும். ரசல் மெதுவாகத் தட்டித் தன் கூட்டாளி கைக்கு அனுப்புவார், அடுத்த நொடி பாஸ்டன் மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துண்டுகளில் பையனோடு உட்கார்ந்து பாருங்கள். பந்தை விட்டுவிட்டு, பந்து போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள்.

1961-62 பருவத்தில் சேம்பர்லைனின் சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளி. யாரும் கிட்டே நெருங்காத எண். அந்த ஆண்டு எம்விபி விருது ரசலுக்குப் போனது. அப்போது அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள். இருவரையும் எதிர்த்து ஆடி, உடம்பில் அடி வாங்கியவர்கள். நிரையை வெட்டியவர்களுக்குத்தானே பட்டை தெரியும்? இன்னொரு வேடிக்கை: இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது 1969-ல்தான் தொடங்கியது, முதல் விருது தோற்ற அணியின் ஜெரி வெஸ்டுக்கு. பதினோரு பட்டம் வாங்கிய ரசலிடம் அந்த விருது ஒன்றுகூட இல்லை. 2009-ல் அந்த விருதுக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

என் ஓட்டு ரசலுக்கு.

இது நழுவல், கேட்டது இருவரில் ஒருவரை என்று நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். சரி, கழுத்தைப் பிடித்தால் ஜோர்டன், ஒரு நூல் வித்தியாசத்தில். காரணம் உங்கள் ஆறுக்கு ஆறு இல்லை. 1987-88 பருவத்தில் ஆட்டத்துக்கு 35 புள்ளி எடுத்து எல்லோரையும்விட முதலில் நின்றார், அதே பருவத்தில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் வாங்கினார். மேலோனின் முதுகுக்குப் பின்னால் வந்த கை அந்தக் கைதான். சைக்கிள் கடைத் தோழன் இதைப் படித்தால் நாளைக்கே போன் போட்டு, தள்ளினார்தான் என்பான்.

ஆகவே தே தாரிக் காசு மகன் தர வேண்டும். 16 வயதுப் பையன் அதை யாரிடம் வாங்கிக் கொடுப்பான் என்பது உங்கள் வீட்டு விவகாரம், நான் தலையிடவில்லை.

அன்புடன்.