கணக்கை மூடிய பிறகும் கசிந்த கடவுச்சீட்டு நகல்: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: ஒரு பயணப் பதிவு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அதை மூடிவிட்டேன். மூன்று வாரங்களுக்கு முன் அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கணினி அமைப்பில் அனுமதியின்றி யாரோ நுழைந்ததாகவும், என் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண், கடவுச்சீட்டு நகல் ஆகியவை "பார்க்கப்பட்டிருக்கலாம்" என்றும் எழுதியிருக்கிறார்கள். ஓராண்டுக்கு இலவசமாகக் கடன் கண்காணிப்புச் சேவை (என் பெயரில் யாராவது கடன் வாங்க முயன்றால் எச்சரிப்பது) தருகிறார்களாம். பணம் எதுவும் போகவில்லை. ஆனால் நாள்தோறும் போலி அழைப்புகள் வருகின்றன. ஒரு வழக்கறிஞர் குழு கூட்டு வழக்கில் சேரும்படி செய்தி அனுப்பியிருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: இழப்பீடு கேட்கலாம். எவ்வளவு கிடைக்கும், எந்தக் கதவைத் தட்டுவது என்பவை நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைப் பொறுத்தவை. நாட்டை நீங்கள் குறிப்பிடவில்லை என்பதால், எங்கும் பொருந்தும் வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அதை மூடிவிட்டேன்" என்பது. தகவல் கசிவுக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் திருடன் எப்படி உள்ளே வந்தான் என்றே கேட்கிறார்கள். அதற்கு நிறுவனத்திடம் ஆயிரம் தொழில்நுட்ப விளக்கங்கள் இருக்கும். மூடிய கணக்கின் கடவுச்சீட்டு நகலை இத்தனை காலம் ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுவார்கள். தேவை தீர்ந்த பிறகு தனிநபர் தகவலை வைத்திருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 5ஆம் பிரிவிலேயே சொல்லும் அடிப்படைக் கொள்கை. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே கடமை உண்டு. வரிக் கணக்குக்காகச் சில ஆவணங்களைச் சில ஆண்டுகள் வைத்திருக்கும்படி சட்டமே சொல்வது உண்மைதான். பயணச்சீட்டின் ரசீது அதில் அடங்கலாம். கடவுச்சீட்டின் நகலும் அடங்கும் என்றால், எந்தச் சட்டத்தின்படி என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

இப்போது அந்த மின்னஞ்சலை மறுபடியும் திறந்து பாருங்கள். முதலில் அது உண்மையானதுதானா என்று உறுதி செய்யுங்கள். அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய்ப் பாருங்கள். கசிவுச் செய்தி வெளியானதும் அதே வாசகங்களோடு போலி அறிவிப்புகளும் கிளம்பிவிடும். உண்மையானதுதான் என்றால், மூன்று தேதிகளைத் தேடுங்கள்: நுழைவு நடந்த நாள், நிறுவனத்துக்குத் தெரிந்த நாள், உங்களுக்குச் சொன்ன நாள். ஐரோப்பிய விதிப்படி, தெரிந்த 72 மணி நேரத்துக்குள், தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றால் அவர்களுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். மின்னஞ்சலில் இரண்டாவது தேதி இல்லாமல் "அண்மையில் அறிந்தோம்" என்று மட்டும் இருந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பல மாதங்கள் மூடி வைத்திருந்தார்கள் என்று தெரியவந்தால், அந்த இடைவெளியில் உங்களுக்கு வந்த தொல்லைகளுக்கும் அவர்களிடம் விளக்கம் கேட்கலாம்.

கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். வக்கீல் நோட்டீஸ் தேவையில்லை. உங்கள் பெயரில் ஒரு பக்கக் கடிதம் போதும். இப்படி எழுதலாம்: "என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாத் தகவல்களின் நகலையும் தாருங்கள். அவற்றில் எவை வெளியேறின, எவை வெளியேறவில்லை என்று தனித்தனியே குறிப்பிடுங்கள். கணக்கு மூடப்பட்ட பிறகும் கடவுச்சீட்டு நகலை எந்தச் சட்டக் காரணத்துக்காக வைத்திருந்தீர்கள்? கசிவு உங்களுக்குத் தெரியவந்த தேதி என்ன?" தன் தகவலைத் தானே கேட்டுப் பெறும் உரிமை இப்போது பல நாடுகளில் சட்டமாகியிருக்கிறது. ஐரோப்பாவில் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பதில் வந்தால் அது சான்று. வராவிட்டால் அந்த மௌனத்தையே புகாரில் இன்னொரு மீறலாகச் சேர்க்கலாம்.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் வந்த ஒரு பெண்மணி, கசிவு அறிவிப்பு கிடைத்த அன்றே கோடு போட்ட சிறிய நோட்டில் எழுதத் தொடங்கியிருந்தார். தேதி, நேரம், அழைத்த எண், என்ன பேசினார்கள், எத்தனை நிமிடம். வங்கிக்குப் போன நாளில் காத்திருந்த நேரமும் டோக்கன் எண்ணும் இருந்தன. ஒரு பக்கத்தில், "இரவு 11.40, அம்மாவின் பெயரைச் சொல்லிப் பேசினான், தூக்கம் வரவில்லை" என்ற ஒற்றை வரி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு, "வெறும் கற்பனையான பயம்" என்ற தன் வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்லும் வேதனையை விட, அன்றன்று எழுதிய வரிக்கு நீதிமன்றத்தில் எடை அதிகம்.

இனிக் கதவுகள். ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுப்பது ஒன்று, இழப்பீட்டு வழக்கு மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஆணையம் விதிக்கும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். உங்கள் கைக்கு வராது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்துக்கு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. பயணிகள் தங்கள் பங்குக்குத் தனியாகக் கூட்டு வழக்குத் தொடுத்துத்தான் 2021இல் சமரசத்துக்கு வந்தார்கள். இந்தியச் சட்டத்தின் நிலை இன்னும் கவலை தருவது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அது முழுவதும் அரசுக்கே. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் பிரிவு அதில் இல்லை. அதோடு, இழப்பீடு கேட்க வழிசெய்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் அது நீக்குகிறது. படிப்படியாக நடைமுறைக்கு வரும் சட்டம் என்பதால், உங்கள் கசிவு நடந்த தேதிக்கு எது பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் கேட்பது அவசியம். பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டு எழுதிய ஏற்பாடு இது என்பது என் உறுதியான கருத்து.

இருந்தாலும் ஆணையத்தில் புகார் கொடுங்கள். பெரும்பாலும் செலவில்லை. நிறுவனத்தின் உள்ளே போய்க் கோப்புகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. தவறு நடந்தது என்று அது எழுதிவைத்தால், பிறகு நீங்கள் போடும் வழக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

வழக்கு என்று போனால் உங்களுக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்று கேட்பார்கள். பணம் போகாத உங்களைப் போன்றவர்களுக்கு நாடுகளின் சட்டங்கள் பிரியும் இடம் இதுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் வழக்கில் 2021இல், உண்மையான தீங்கு இல்லாமல் வருங்கால ஆபத்தை மட்டும் காட்டிக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க முடியாது என்றது. அதே நாட்டின் கலிபோர்னியாவில், சரியான பாதுகாப்பு இல்லாததால் சில வகைத் தகவல்கள் திருடுபோனால் தலைக்கு 100 முதல் 750 டாலர் வரை கேட்கச் சட்டம் இடம் கொடுத்தது. நட்டக் கணக்குக் காட்டத் தேவையில்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021இல் கூகுளுக்கு எதிரான லாயிட் வழக்கில், 40 லட்சத்துக்கும் அதிகமான ஐபோன் பயனாளர்களுக்காக ஒருவரே, தலைக்கு ஒரே அளவாகக் கேட்ட தொகையை மறுத்தது. ஒவ்வொருவருக்கும் என்ன பாதிப்பு என்று காட்ட வேண்டும் என்றது.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வேறு வழியில் நடந்திருக்கிறது. பல்கேரியாவின் வரித்துறையிலிருந்து 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல் திருடுபோன வழக்கில், 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தகவல் தவறாகப் பயன்படுத்தப்படுமோ என்ற அச்சம், அதற்குத் தகுந்த அடிப்படை இருந்தால், அதுவே ஈடுசெய்ய வேண்டிய பாதிப்பாகலாம் என்றது. பாதுகாப்பு போதுமானதாக இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் தகவலை வைத்திருந்தவர் மேலேயே சுமத்தியது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில், ஃபேஸ்புக் தகவல்கள் கசிந்த வழக்கில், தன் தகவல் மீதான கட்டுப்பாட்டை இழந்ததே பாதிப்புத்தான் என்றது. அதற்கு 100 யூரோ அளவில் தரலாம் என்றும் கோடிட்டுக் காட்டியது. தொகை சிறியதுதான். ஆனால் "உனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் அங்கே முடிவுக்கு வந்தது.

கூட்டு வழக்குச் செய்தி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அனுப்பியவர் பதிவு பெற்ற வழக்கறிஞர்தானா என்று வழக்கறிஞர் கழகத்தின் பதிவேட்டில் பாருங்கள். வென்றால் அவர்களுக்கு எத்தனை விழுக்காடு, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு யார் தலையில், நடுவில் விலகினால் கட்டணம் உண்டா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை கையொப்பமிட வேண்டாம். கூட்டு வழக்கில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தில் 2017இல் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தகவல் கசிந்தது. 2019இல் வந்த சமரசத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 42.5 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். கண்காணிப்புச் சேவைக்குப் பதிலாக 125 டாலர் வாங்கிக்கொள்ளலாம் என்ற செய்தி பரவியது. ஆனால் அந்த வகைக்கு ஒதுக்கியது 3.1 கோடி டாலர்தான். விண்ணப்பங்கள் குவிந்ததும், ஒவ்வொருவர் பங்கும் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும் என்று அரசு அமைப்பே அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே சமரசத்தில், அலைந்த நேரத்துக்கு மணிக்கு 25 டாலர் என்று 20 மணி நேரம் வரை கேட்கவும் இடமிருந்தது; 10 மணி நேரத்தைத் தாண்டினால் ஆவணம் கேட்டார்கள். நோட்டுப் புத்தகம் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலவசக் கண்காணிப்பை ஏற்கலாம், நிபந்தனைகளைப் படித்த பிறகு. இதே ஈக்விஃபாக்ஸ் அளித்த இலவசச் சேவையின் நிபந்தனைகளில், வழக்குக்குப் பதிலாக, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைக்கும் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற வாசகம் இருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே நீக்கினார்கள். "எல்லா உரிமைகோரலையும் கைவிடுகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி கண்ணில் பட்டால் நிறுத்திவிடுங்கள்.

கடவுச்சீட்டு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள். இழப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நீதிமன்றம் கட்டாயம் கேட்கும். பின்னாளில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால் அதற்கு வேறு விதிகள் உண்டு. சில நாள் தாமதித்தாலே பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை சுருங்கிவிடக்கூடும்.

கால வரம்பையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இத்தகைய வழக்குகளுக்குப் பொதுவாக ஆறு ஆண்டுகள். ஜெர்மனியில், விவரம் தெரியவந்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டுகள். இந்தக் காலம் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்; அந்த மின்னஞ்சல் வந்த நாளும் அதற்கு முக்கியமாகலாம். நோட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தேதியை எழுதி, நிறுவனத்துக்கான கடிதத்தை இந்த வாரமே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.